கப்பல் காத்திருக்காது

ஐந்து ரோடு, இரண்டாவது மாடி, என் ஆபீஸ்.
எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலுக்கு ஐந்து மணி நேரம்.
ஜன்னலில் மேம்பாலம். மழை கழுவிவிட்ட நாளில்
அதற்குப் பின்னால் சேர்வராயன்.
இங்கே உட்கார்ந்துகொண்டுதான்
திருகோணமலையில் பதினோரு பேர்
எத்தனை மணிக்கு வேன் ஏற வேண்டும்,
எந்தக் கடையில் டீ, எங்கே கழிப்பறை என்று
கட்டம் கட்டமாக எழுதுகிறேன்.
நான் கப்பல் ஏறியதில்லை.
கமிஷன் நாலு சதவீதம்.

எல்லோரும் செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு.
கொலுசுக்குப் பொடி வைத்துப் பற்றவைப்பவர்கள்,
மணி கோப்பவர்கள், பாலீஷ் போடுபவர்கள்.
அங்கமுத்து மட்டும் மாவு மில்.
நாற்பது மாதச் சீட்டு. எடுத்த பணத்தை
மகள் கல்யாணம், மச்சு வீடு என்று பிரிக்காமல்
கப்பல் என்றார்கள்.
ஏனென்று நானும் கேட்கவில்லை.

வாந்தி வருமா என்று பார்க்க
ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும்
ஏற்காட்டுக்கு வாடகை வேனில் ஏற்றினேன்.
இருபது கொண்டை ஊசி.
ஒன்பதாவதில் இரண்டு பேர், பதினான்கில் ஒருவர்.
மற்றவர்கள் வாயில் புளிப்பு மிட்டாய்.
மேலே இறங்கியதும் சொன்னேன்:
இது துறைமுகம். நாலு மணிக்கு ஏரிக்கரை கேட்.
நாலு என்றால் மூணே முக்கால்.
கப்பல் காத்திருக்காது.

அங்கமுத்து நாலு பன்னிரண்டுக்கு
பை நிறையப் பலாச்சுளையோடு வந்தபோது
வேன் இரண்டு வளைவு இறங்கியிருந்தது.
நிறுத்து என்று உள்ளே ஒருவரும் சொல்லவில்லை,
எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.
கவர்மென்ட் பஸ்ஸில் வந்து சேர்ந்தவர்
மூன்று நாள் என்னோடு பேசவில்லை.
நாலாம் நாள் புது வாட்ச் கட்டியிருந்தார்.

அப்புறம்தான் மெயில்கள்.
வெளி உணவு இனி கூடாது:
ஆர்டர் கொடுத்த தட்டுவடை ரத்து.
டிப்ஸ் இனி முன்பணம், ஆளுக்கு, நாளுக்கு:
"சரியா கவனிக்கலைன்னா திருப்பித் தருவாங்களா?"
ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வந்து கேட்டார்கள்.
அரைமணி முன்பு திரும்பினால் போதும் என்றது
ஒரு மணி முன்பு என்று மாறியது.
டீக்கடையை எடுத்தேன்.
கன்னியா வெந்நீர்க் கிணறுகளை எடுத்தேன்.
மலைமேல் கோயிலை மட்டும் தொடவில்லை.
இக்கரையில் நின்றே பாடினார்களாம் அதை.
நானும் இக்கரையில் இருந்தே
அதற்கு ஐம்பத்தைந்து நிமிடம் ஒதுக்கினேன்.

வியாழன் இரவு பத்தரைக்கு நாலாவது மெயில்.
திருகோணமலை இல்லை.
காற்று, அல்லது இயக்கக் காரணங்கள்.
பதிலாகக் கடலிலேயே ஒரு நாள்.
துறைமுகக் கட்டணம் திரும்ப வரும்,
பணமாக அல்ல,
கப்பலுக்குள்ளேயே செலவழித்துத் தீர்க்கும்படி.

காலையில் கோமளவல்லி பட்டறைக்குப் போனேன்.
திட்டுவாள் என்று
விதிமுறையில் ஏழாவது பத்தியை மனப்பாடம் செய்திருந்தேன்.
கேஸ் ஊதலை அணைக்காமலே கேட்டாள்:
"அந்த வேன்காரத் தம்பிக்கு அட்வான்ஸ் குடுத்தியே,
அது என்னாகும்?"
திருப்பிக் கேட்கலாம் என்றேன்.
"கேக்காதே. காத்து அவனா அடிச்சான்?"

நிஷாந்தனுக்குப் போன் போட்டேன்.
"ஓமோம், எனக்கும் இப்பதான் தெரியும் அக்கா.
போன மாசமும் இப்பிடித்தான்,
வேனைக் கழுவிப்போட்டு ஜெட்டியில நிண்டனான்.
காசை அனுப்பட்டோ?"
வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"அப்ப உங்கட பதினொரு சீற்றையும்
கொப்பியில எழுதி வைக்கிறன்.
என்ன தேதி எண்டு போட?"

ஷீட்டில் மூன்றாம் நாள்
காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை வெள்ளையாகக் கிடக்கிறது.
எதையாவது நிரப்பினால்தான் எனக்குத் தூக்கம் வரும்.
பாக்கிப் பணம் கட்ட வந்த அங்கமுத்து
என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்,
வாட்ச்சை ஒரு தடவை பார்த்தார்.
"அன்னிக்கு லேட்டா வரவே முடியாதில்ல?"